பின்னால் வந்த தோணி

மாமனார் தோணி கொடுத்தார். பாய் கொடுக்கவில்லை.

கல்யாணத்தில் பேசினது தோணி மட்டும்தான். பாய் பற்றி யாரும் பேசவில்லை, ஊன்றித் தள்ளுகிற கழி பற்றியும் பேசவில்லை. பேசாததை நான் கேட்கவும் இல்லை. எனக்குக் கேட்கிற வழக்கம் கிடையாது.

எங்கள் குப்பம் பழவேற்காடு ஏரியின் கிழக்குக் கரையில் இருக்கிறது. ஒரு பக்கம் ஏரி, ஒரு பக்கம் கடல், நடுவில் மணல். மாமனார் ஊர் எதிர்க்கரையில், ஆரம்பாக்கம் பக்கம். தரை வழியாகச் சுற்றினால் ஒரு நாள் ஆகும். ஏரியில் பாய் விரித்தால் அரை நாள். இது நடந்தது அறுபதுகளின் கடைசியில். நைலான் வலை அப்போதுதான் ஒன்றிரண்டு பேர் வாங்கியிருந்தார்கள். கயிறு எல்லாம் இன்னும் தேங்காய் நார்தான்.

தோணி எனக்கு எதற்கு என்று சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊரில் ஏரியில் வலை கட்ட முறை உண்டு. அதைப் பாடு என்போம். மீன் வருகிற நல்ல இடம் கொஞ்சம்தான். எல்லாரும் ஒரே நாளில் போனால் மண்டை உடையும். அதனால் ஒவ்வொருவருக்கும் ஒரு நாள். யாருக்கு எந்த நாள் என்று சீட்டுப் போட்டு எடுப்பார்கள். சீட்டில் பேர் இருந்தால் அவன் பாட்டுக்காரன். இல்லாதவன் இன்னொருவன் தோணியில் கூலிக்குப் போக வேண்டும். நான் சித்தப்பா தோணியில் ஒன்பது வருஷம் கூலிக்குப் போனேன்.

பேர் எழுத ஒரே ஒரு விஷயம் வேண்டும். சொந்தத் தோணி. ஆனி அமாவாசை அன்று உச்சிப் பொழுதில் ஊர்ப் பெரியவர்கள் வடக்குக் கோடியில் அம்மனுக்குக் கற்பூரம் காட்டிவிட்டுக் கரையோரமாகத் தெற்கே நடப்பார்கள். மணலைத் தொட்டு நிற்கிற தோணிகளை எண்ணிக்கொண்டே வருவார்கள். தோணிக்காரன் தன் பேரை வாய் விட்டுச் சொல்ல வேண்டும். அவன் இல்லாவிட்டால் தோணியைக் கரை சேர்த்த வீட்டு ஆள் சொல்லலாம். ஒருவர் நோட்டில் எழுதுவார். தெற்குக் கோடியில் ஒற்றைப் பனை. அங்கே வந்ததும் நோட்டை மூடிவிடுவார்கள். கடந்து வந்த இடத்துக்குத் திரும்பிப் போக மாட்டார்கள். தவறினவன் அடுத்த ஆனி வரை கூலிதான்.

வைகாசியில் கல்யாணம். தோணி அப்போதே வந்திருக்க வேண்டும். அடியில் ஒரு பலகை உளுத்துப்போயிருந்தது. மாமனார் பலகை மாற்றினார். தண்ணீர் புகாமல் கீல் பூசினார். மழை பிடித்துக்கொண்டது. கீல் காயவில்லை. மறுபடி பூசினார். மறுபடி மழை. இப்படியே ஆனி வந்துவிட்டது. அமாவாசைக்கு இரண்டு நாள் முன்னால் ஆள் வந்து சொன்னான். காய்ந்துவிட்டதாம், வந்து எடுத்துக்கொண்டு போகச் சொன்னாராம்.

சித்தப்பாவிடம் போய் நின்றேன்.

"ஏன்டா தூண் மாதிரி நிக்கற?" என்றார்.

"தோணி காஞ்சிடுச்சாம்."

"அதுக்கு?"

நான் அவருடைய இரண்டு தோணியில் பழையதைப் பார்த்தேன். அவரும் பார்த்தார்.

"கேக்கறதுக்கு வாய் இல்ல, கண்ணாலயே கேளு. எடுத்துக்கினு போ. எனக்கு ஒண்ணு கரைல இருந்தா போதும். ஆனா ஒண்ணு. உன் தோணிய கொண்டாந்துட்டு என் தோணிய எங்கனா வுட்டுட்டு வந்தன்னு வெச்சிக்கோ, உன்ன கரை ஏத்த மாட்டேன்."

"சரி சித்தப்பா."

"இந்த ஒரு வார்த்தைய மட்டும் நல்லா சொல்ற."

துணைக்கு ஆள் தேடினேன். அமாவாசைக்குத் தோணியை விட்டு எவனும் வர மாட்டான். வீட்டில் என் பெண்டாட்டி, நான் வருகிறேன் என்று அம்மாவிடம் சொன்னாள். என்னிடம் சொல்லவில்லை. அப்போது நாங்கள் ஒருவருக்கொருவர் நேராகப் பேசிக்கொள்வதில்லை. கல்யாணமாகி ஒரு மாசம். வீட்டில் எட்டுப் பேர். சோறு போடட்டுமா, போதும். அந்த இரண்டும்தான் எங்கள் பேச்சு.

முதல் நாளே போய்ச் சேர்ந்து மாமனார் வீட்டில் தங்கினோம். விடிந்ததும் தோணியைக் காட்டினார். சும்மா சொல்லக் கூடாது. நல்ல தோணி. கருகருவென்று கீல். புதுப் பலகை மட்டும் செம்பழுப்பாகத் தெரிந்தது. தண்ணீரில் தள்ளினால் தக்கை மாதிரி நின்றது. அடி தட்டை. எவ்வளவு லேசு என்றால், நான் ஒரு கையால் அசைத்தேன், அசைந்தது.

"எப்டி மாப்ள?" என்றார் மாமனார்.

"நல்லா கீது மாமா."

"காத்து மாதிரி போவும். பாய் மட்டும் போட்டுக்கங்க."

அந்த 'மட்டும்' எனக்கு அப்போதுதான் புரிந்தது. பாய்மரம் நடுகிற குழி இருந்தது. மரம் இல்லை. உள்ளே எட்டிப் பார்த்தேன். கழியும் இல்லை.

வேறு வழியில்லை. சித்தப்பா தோணியில் பாய் விரிப்பது. இதைப் பின்னால் கட்டி இழுப்பது.

மாமனாரே கயிறு கட்டினார். இரண்டு கையையும் விரித்தால் ஒரு பாகம். அந்தக் கணக்கில் இரண்டு பாகம்கூட இருக்காது. "கிட்ட இருந்தாதான் கைல இருக்கும்" என்றார். எனக்குக் கயிறு போதாது என்று பட்டது. சொல்லவில்லை.

கிளம்புகிற நேரத்தில் மாமியார் ஓடி வந்தார். தலையில் மாங்காய்க் கூடை. இடுப்பில் புதுப் பித்தளைக் குடம். தோளில் கிணற்றுக் கயிறு, வாளியோடு.

"நம்ம ஊட்டு தோணி வெறுமனே போய் சேரலாமா? பாக்கறவங்க இன்னா சொல்லுவாங்கோ?"

"வெயிட்டு ஏத்தாதடி" என்றார் மாமனார்.

"மாங்கா ஒரு வெயிட்டா?"

கூடையையும் குடத்தையும் தோணியின் முன்மூக்கில் வைத்தார். மஞ்சள் பூசின மூக்கு. அங்கே வைத்தால்தான் லட்சணமாம். வாளியும் கயிறும் உள்ளே விழுந்தன. எனக்கு அதுவும் சரியாகப் படவில்லை. அதையும் சொல்லவில்லை.

மேல்காற்று நன்றாக வீசியது. ஆனியில் காலையில் அப்படித்தான் வீசும். பாய் விரித்ததும் சித்தப்பா தோணி எழுந்து ஓடியது. நான் சுக்கானைப் பிடித்துக்கொண்டேன். அவள் பாய்மரத்தடியில் உட்கார்ந்தாள். திரும்பிப் பார்த்தேன். பின்னால் புதுத் தோணி நல்ல பிள்ளையாக வந்தது. மாமனாரும் மாமியாரும் கரையில் சின்னதாகிவிட்டார்கள்.

கொஞ்ச நேரம்தான்.

காற்று பின்னாலிருந்து வந்தது. எங்களுக்குப் பாயில் அடித்தது. காலித் தோணிக்கு அதன் உடம்பிலேயே அடித்தது. அது லேசு. சித்தப்பா தோணி கனம். ஓர் அலை வந்து தூக்கிவிட்டதும் புதுத் தோணி கயிற்றைத் தொங்கவிட்டுவிட்டு நேராக வந்து என் முதுகுக்குப் பின்னால் மோதியது. டமால் என்றது. சுக்கான் என் விலாவில் இடித்தது.

"அய்யய்யோ!" என்றாள் அவள்.

நான் காலால் தள்ளிவிட்டேன். அது பின்னால் போனது. கயிறு விறைத்தது. வெடுக்கென்று எங்களை இழுத்தது. பாய் ஒரு தடவை படபடத்தது. அடுத்த அலை. மறுபடி வந்து மோதியது.

மாடு முட்டுகிற மாதிரி. விடாமல் முட்டியது. நான் ஒரு கையில் சுக்கானும் ஒரு காலில் தோணியுமாக உட்கார்ந்திருந்தேன். ஐந்தாவது முட்டிலோ ஆறாவது முட்டிலோ அவள் எழுந்து வந்தாள். பின்பக்கத்தில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு காலையும் வெளியே நீட்டிக்கொண்டாள். தோணி வரும்போது உதைத்தாள்.

கொஞ்ச நேரம் உதைத்தோம்.

அப்புறம் அவள் ஏரியைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"இப்டியே ஊர் வரைக்கும் ஒதைச்சினு போறதா?"

நான் இன்னொரு தடவை உதைத்தேன்.

"கயிறு பத்தல. எங்க நைனா கட்டும்போதே பாத்தேன். நீயும் பாத்த. நீ பாத்தத நான் பாத்தேன்."

"ஆமா."

"அப்ப ஏன் சொல்லல?"

"நீ ஏன் சொல்லல?"

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். அந்த ஒரு மாசத்தில் நான் அவளிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான் என்று நினைக்கிறேன். சிரித்துவிட்டாள். அந்த நேரம் தோணி வந்து மோதியது. இரண்டு பேரும் உதைக்க மறந்துவிட்டோம்.

"கெணத்து கயிறு கீது" என்றாள்.

நான் பாயை இறக்கினேன். புதுத் தோணியைக் கிட்டே இழுத்தேன். அவள் அதில் தாவினாள். வாளியிலிருந்து கயிற்றை அவிழ்த்தாள். நல்ல புதுக் கயிறு, எட்டுப் பாகம் தேறும். நான் முடிச்சுப் போட்டேன். மீனவன் முடிச்சு, அவிழாது. கயிறு மொத்தம் பத்துப் பாகம் ஆனது. அவள் திரும்பி வந்தாள். பாயை ஏற்றினேன்.

முட்டுவது நின்றது. நடுவில் கயிறு தண்ணீரில் தொங்கிக்கொண்டு வந்தது. அலை தூக்கிவிட்டால் தோணி ஓடி வரும், எங்களை எட்டாமல் நின்றுவிடும்.

ஆனால் இப்போது வேறு பேஜாரு. இடம் கிடைத்ததும் தோணி ஆட ஆரம்பித்தது. இடது பக்கம் ஓடியது. கயிறு முடிந்ததும் வெடுக்கென்று திரும்பி வலது பக்கம் ஓடியது. அதன் மூக்கில் கூடையும் குடமும். மூக்கு தாழ்ந்து, வால் தூக்கிக்கொண்டு, காற்று வால் பக்கத்தைப் பிடித்துச் சுழற்றியது. ஒவ்வொரு தடவையும் எங்கள் தோணியின் பின்பக்கத்தையும் சேர்த்து இழுத்தது. நேராகப் போக முடியவில்லை. கிழக்கே போக வேண்டியவன் பாதி நேரம் வடக்கே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"தலைல பாரம் வெச்சா ஆடாம இன்னா பண்ணும்? எங்கம்மாக்கு லட்சணம் வேணும்."

"பின்னால வெக்கணும்" என்றேன்.

"அத்த அப்பவே சொல்றதுக்கு இன்னா?"

"மாமியாராச்சே."

"எனக்குத்தான் அம்மா. உனக்கு இன்னா பயம்?"

மறுபடி பாய் இறக்கினேன். மறுபடி தோணியை இழுத்தேன். அவள் தாவினாள். கூடையையும் குடத்தையும் பின்னால் தூக்கி வைத்தாள். மாங்காய் அவ்வளவு கனம் இல்லை. பாதி ஆட்டம்தான் குறைந்தது. அவளே பின்பக்கம் உட்கார்ந்து பார்த்தாள். மூக்கு தூக்கிக்கொண்டது.

"இஸ்துப் பாரு" என்று கத்தினாள்.

பாய் விரித்தேன். தோணி கோடு போட்ட மாதிரி நேராக வந்தது. என் சுக்கான் லேசானது. ஒரு விரலால் பிடிக்கலாம்.

"இங்கயே குந்திக்கிறேன்!" என்று கத்தினாள்.

"சரி."

"இன்னா?"

"சரின்னேன்!"

இப்படித்தான் ஆரம்பித்தது. வீட்டில் எட்டுப் பேர் இருந்தார்கள். ஏரியில் யாரும் இல்லை. அவள் அங்கே, நான் இங்கே, நடுவில் பத்துப் பாகம் கயிறு. மெதுவாகப் பேசினால் கேட்காது. கத்த வேண்டும். கத்துகிறவள் அவள். காற்று அவள் பக்கத்திலிருந்து வந்ததால் அவள் சொன்னதெல்லாம் எனக்குத் தெளிவாகக் கேட்டது. நான் சொன்னது அவளுக்குக் கேட்கவில்லை. எல்லாவற்றையும் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. ஒரு தடவை சொல்வதே எனக்குப் பெரிய வேலை.

"யோவ்! பேரு எழுதிட்டா மொத பாடு எப்ப வரும்?"

"சீட்டப் பொறுத்து."

"இன்னா?"

"சீட்டப் பொறுத்து!"

"மொத நாள் மீன விக்காத! கொழம்பு வெக்கணும்!"

"சரி!"

"நான் வெக்கற கொழம்பு புடிச்சிருக்கா?"

"ம்."

"கேக்கல!"

"புடிச்சிருக்கு!"

"பொய் சொல்லாத! உப்பு எப்டி?"

கொஞ்சம் யோசித்தேன். "ஜாஸ்தி!"

"இன்னா?"

"உப்பு ஜாஸ்தி!"

எங்களுக்குத் தெற்கே ஒரு தோணி வந்துகொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. சுண்ணாம்புச் சூளைக்குக் கிளிஞ்சல் ஏற்றின தோணி. மூன்று பேர் இருந்தார்கள். அதில் ஒருவன் எழுந்து நின்றான்.

"தங்கச்சி! அண்ணன் உப்பு ஜாஸ்தின்றாரு! கொற!"

இன்னொருவன் என்னைப் பார்த்துக் கேட்டான்.

"அண்ணாத்த! பொண்டாட்டிய கயிறு கட்டி இஸ்துகினு போறியே, வுட்டா ஓடிடுமா?"

நான் சுக்கானைப் பார்த்தேன். பதில் பின்னாலிருந்து வந்தது.

"நான் ஓட மாட்டேன்! அவருதான் முன்னால ஓடறாரு! நான் கயிறு போட்டுப் புடிச்சினு போறேன்!"

மூன்று பேரும் கிளிஞ்சல் மேல் விழுந்து சிரித்தார்கள். அவள் இரண்டு மாங்காயை எடுத்து அவர்கள் தோணியில் வீசினாள். ஒன்று விழுந்தது. ஒன்று தண்ணீரில் போனது. அதை ஒருவன் குதித்து எடுத்தான். இடுப்பளவுத் தண்ணீர்தான். எங்கள் ஏரியில் நடுவிலும் பல இடத்தில் நிற்கலாம்.

வெயில் ஏறியது. காற்று விழுந்தது. பாய் தொங்கியது. கொஞ்ச நேரம் ஏரி எண்ணெய் மாதிரி கிடந்தது. அப்புறம் கிழக்கேயிருந்து கடல்காற்று கிளம்பியது. அது எங்கள் முகத்தில். பாயைச் சுருட்டிவிட்டுக் கழி ஊன்ற ஆரம்பித்தேன்.

கழி ஊன்றித் தள்ளுவது எனக்குப் பழக்கம்தான். ஆனால் பின்னால் ஒரு தோணியைக் கட்டிக்கொண்டு ஊன்றினது அதுதான் முதல் தடவை. காலித் தோணி தண்ணீரில் உயர்ந்து நிற்கும். எதிர்க்காற்றுக்கு அதன் பக்கமெல்லாம் பாய்தான். மாமனார் கொடுக்காத பாய் அங்கே இருந்தது, தப்பான பக்கம் பார்த்துக்கொண்டு. நான் மூன்று முழம் போனால் அது ஒரு முழம் பின்னால் இழுத்தது. ஓரிடத்தில் கழி சேற்றில் சிக்கிக்கொண்டது. நான் பிடுங்கி எடுப்பதற்குள் இரண்டு தோணியும் பின்னால் போய், கழி மட்டும் தனியாக நின்றது. தண்ணீரில் குதித்துப் போய் எடுத்து வந்தேன்.

அவளும் குதித்தாள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு புதுத் தோணியைப் பின்னாலிருந்து தள்ளினாள். நான் முன்னால் கழி ஊன்றினேன். அப்போது நகர்ந்தது.

"நேரம் இன்னா?" என்று கேட்டாள்.

அண்ணாந்து பார்த்தேன். சூரியன் உச்சிக்குக் கொஞ்சம்தான் பாக்கி.

"இருக்கு" என்றேன்.

"எவ்ளோ?"

"கொஞ்சம்."

அவள் இன்னும் குனிந்து தள்ளினாள்.

எங்கள் கரை தெரிந்தது. வடக்குக் கோடியில் கோயில். அங்கே ஜனம். கற்பூரப் புகை தெரிகிற தூரம் இல்லை. ஆனால் மேளம் கேட்டது. மேளம் நின்றது. அதுவும் கேட்டது. மேளம் நின்றால் எண்ண ஆரம்பித்துவிட்டார்கள் என்று அர்த்தம்.

வெள்ளை வேட்டிகள் வரிசையாகத் தெற்கே நகர்ந்தன. ஒரு தோணி. நின்றார்கள். அடுத்த தோணி. நின்றார்கள். எங்கள் ஓலை வீடும் எங்களுக்கு விட்ட கரையும் கடைசியில், பனைக்குக் கொஞ்சம் முன்னால். அங்கே போய்ச் சேர இன்னும் இரண்டு வலை வீச்சுத் தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊன்றினேன். தோள் விட்டுப்போனது.

அப்போது சித்தப்பா தோணி தரை தட்டியது.

அமாவாசை. தண்ணீர் இறங்கிவிட்டது. கரைக்கு முன்னால் ஒரு மணல்மேடு உண்டு. மற்ற நாளில் அதன் மேல் முழங்கால் தண்ணீர் ஓடும். அன்றைக்குக் கணுக்கால்தான். ஆனியில் அப்படித்தான் என்று எனக்குத் தெரியும். அவசரத்தில் மறந்துவிட்டேன். மூக்கு மணலில் ஏறி நின்றது. வால் மட்டும் மிதந்தது. குதித்துத் தள்ளினேன். முன்னால் அசையவில்லை. அது பழைய மரம், தண்ணீர் குடித்த மரம். நான்கு பேர் வேண்டும்.

கடல்காற்று மிதக்கிற வாலைப் பிடித்துத் திருப்பியது. கையை எடுத்தால் தோணி மணலைவிட்டு வழுக்கி வந்த வழியே போய்விடும். சித்தப்பா சொன்னது நினைவுக்கு வந்தது. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். வேட்டிகள் எங்கள் பக்கத்து வீட்டுத் தோணிக்கு நான்கு தோணி தள்ளி இருந்தார்கள்.

ஒன்பது வருஷம் கூலிக்குப் போனேன். பத்து என்று எண்ணிக்கொண்டேன்.

அவள் பக்கத்தில் வந்தாள். மூச்சு வாங்கியது.

"இது தட்டிச்சே, அது தட்டுமா?"

புதுத் தோணியைப் பார்த்தேன். அவள் தள்ளின வேகத்தில் மேட்டின் மேல் வந்து, கணுக்கால் தண்ணீரில் தக்கை மாதிரி ஆடிக்கொண்டு நின்றது. அதன் அடி மணலைத் தொடவே இல்லை.

"தட்டாது" என்றேன். "கூடைய எடுத்துட்டா தட்டாது."

"நீ இத்த புடிச்சிக்கோ. நான் அத்த இஸ்துகினு போறேன்."

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கூடையைத் தூக்கிச் சித்தப்பா தோணியில் போட்டாள். குடத்தைப் போட்டாள். வாளியைப் போட்டாள். கயிற்றை அவிழ்க்கப் பார்த்தாள். நான் போட்ட முடிச்சு. அவிழவில்லை. நான் இடுப்புக் கத்தியைக் கொடுத்தேன். எங்கள் தோணிப் பக்கத்தில் அறுத்தாள். கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள்.

காலையெல்லாம் எங்களை முட்டின தோணி, ஆடின தோணி, பின்னால் இழுத்த தோணி. காலி என்பதால்தான் அத்தனை பாடும். அந்தக் காலிதான் இப்போது மேட்டைத் தாண்டியது. அவள் பின்னால் நாய்க்குட்டி மாதிரி போனது. மேட்டுக்கு அப்புறம் இடுப்பளவு தண்ணீர். கயிற்றை இழுத்துக்கொண்டு சாய்ந்து சாய்ந்து நடந்தாள்.

வேட்டிகள் பக்கத்து வீட்டுத் தோணியில் நின்றார்கள். எழுதினார்கள். நகர்ந்தார்கள். எங்கள் கரையில் ஒன்றும் இல்லை. ஒரு நிமிஷம் நின்று தண்ணீரைப் பார்த்தார்கள். நோட்டுக்காரர் பனையைப் பார்த்து ஒரு அடி எடுத்து வைத்தார்.

மஞ்சள் மூக்கு மணலில் ஏறியது.

சத்தம் எனக்குக் கேட்டது. காற்று அங்கிருந்து வந்தது. கரையில் பேசினது எல்லாம் எனக்குக் கேட்டது.

"யார் தோணிம்மா?" என்று கேட்டார் நோட்டுக்காரர். எங்கள் ஊரில் கிண்டலுக்குப் பேர் போனவர்.

"எங்க ஊட்டுக்காரர்து."

"இந்த ஊர்ல எல்லாருமே யாரோ ஒருத்திக்கு ஊட்டுக்காரன்தான். பேர சொல்லு."

அவள் பேசவில்லை. எங்கள் பக்கம் பெண்கள் புருஷன் பேரைச் சொல்ல மாட்டார்கள். இது எல்லாருக்கும் தெரியும். அவருக்கும் தெரியும்.

"உங்களுக்குத் தெரியாதா தாத்தா?"

"தெரியும்மா. ஆனா முற இன்னா? வாய்ல சொல்லணும். நான் பாட்டுக்கு எழுதினா நாளைக்கு எவனாவது கேப்பான்."

"இவங்க ஊட்டுலேந்து யாரையாவது கூப்டு" என்று யாரோ சொன்னார்கள்.

"கரை சேத்த ஆள்தான் சொல்லணும். வேற யார் சொன்னாலும் செல்லாது."

"அட எழுதுங்கப்பா, வெயில்ல நிக்குது பொண்ணு" என்றது இன்னொரு குரல்.

"எழுத மாட்டேன்னா சொன்னேன்? பேர் சொன்னா எழுதறேன். காலைலேந்து ஏரி பூரா கத்தினு வந்துச்சாம் இந்தப் பொண்ணு. கிளிஞ்சக்காரன் வந்து சொன்னான். இப்ப ஒரு வார்த்த வரல."

சிரித்தார்கள். அவள் திரும்பினாள். கையை வாயில் குவித்துக்கொண்டாள்.

"யோவ்! பேரு இன்னான்னு கேக்கறாங்கோ! நீயே சொல்லு!"

ஊரே என்னைப் பார்த்தது. நான் மணல்மேட்டில் முழங்கால் போட்டு, பழைய தோணியின் மூக்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தேன்.

சொன்னேன்.

காற்று எனக்கு எதிர். போய்ச் சேரவில்லை.

"கேக்கல!" என்றார் நோட்டுக்காரர்.

இன்னும் பலமாகச் சொன்னேன்.

"எறா கத்தற மாதிரி கீது. எறாவுக்கெல்லாம் பாடு கெடையாது!"

கரையே சிரித்தது. அவளும் சிரித்தாள். எனக்குக் கோபம் வந்தது. மூச்சை உள்ளே இழுத்து, கழுத்து நரம்பு புடைக்க, என் பேரையும் என் அப்பன் பேரையும் சேர்த்துக் கத்தினேன். மேட்டில் நின்ற கொக்கெல்லாம் பறந்தது. என் பேரை அவ்வளவு சத்தமாக நான் அதற்கு முன்னால் சொன்னதில்லை. அதற்குப் பிறகும் சொன்னதில்லை.

"அப்பாடா" என்றார் நோட்டுக்காரர். "பையனுக்கு வாய் கீதுப்பா." எழுதினார்.

பனை வரை போய் நோட்டை மூடினார்கள். அப்புறம் நான்கு பேர் தண்ணீரில் இறங்கி வந்து சித்தப்பா தோணியை மேடு தாண்டித் தூக்கிவிட்டார்கள். சித்தப்பா முதலில் தன் தோணியைச் சுற்றி வந்து பார்த்தார். பின்பக்கம் புதுசாக ஒரு பள்ளம் இருந்தது, முட்டின இடம். விரலால் தடவினார்.

"இன்னாடா இது?"

"முட்டிடுச்சு சித்தப்பா. கயிறு பத்தல. பாரமும் தலைல இருந்துச்சு. மாமனாரு கட்டும்போதே எனக்குத் தெரியும். சொல்லல. சொல்லியிருக்கணும்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னாம்மா இவனுக்கு ஆச்சி?" என்று அவளைக் கேட்டார். "இவ்ளோ பேசறான்."

அவள் கூடையை இறக்கிக்கொண்டிருந்தாள்.

"காத்து அடிச்சிடுச்சி மாமா. சரியாயிடும்."

சரியாகிவிட்டது. மறுநாள் சீட்டில் எனக்குப் பதினோராவது நாள் விழுந்தது. முதல் பாட்டில் கிடைத்த மீனில் நல்லதாக நான்கு விற்காமல் கொண்டு வந்தேன். குழம்பு வைத்தாள். எட்டுப் பேரும் சாப்பிட்டார்கள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அவள் கதவோரம் நின்று என்னையே பார்த்தாள்.

உப்பு சரியாக இருந்தது. சொன்னேன். எல்லார் எதிரிலும்தான்.